துறைமுகத்திலிருந்து ஆப்பிரிக்காவை ஆராய்தல்: வடசென்னைக்கு ஒரு பல்துறை முனைவர் பட்டத் திட்டம்

1. கேள்வி

1860 அக்டோபரில் சென்னைக் கடலில் நங்கூரமிட்டிருந்த ‘ட்ரூரோ’ என்ற கப்பலில் 342 பேர் ஏறினார்கள். சென்னைக்கு அப்போது செயற்கைத் துறைமுகம் கிடையாது. அதைக் கட்டத் தொடங்கியதே 1875-இல்தான். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தான் அலை கடந்து ஆட்களைக் கப்பலில் சேர்த்துவந்த காலம் அது. நவம்பர் 16 அன்று கப்பல் டர்பனை அடைந்தது. இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதல் கூட்டம் இதுவே. 1911-இல் இந்த ஏற்பாடு நிற்கும்வரை சுமார் 1,52,000 பேர் இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குப் போனார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள்.

2023-இல் ஐஐடி மெட்ராஸ் தன் முதல் வெளிநாட்டு வளாகத்தைத் தான்சானியாவின் சான்சிபாரில் திறந்தது. கூலியாள்களை ஏற்றி அனுப்பிய நகரம் இன்று ஆப்பிரிக்க மாணவர்களுக்குத் தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் கற்பிக்கிறது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட 163 ஆண்டுகளில் இந்தக் கரைக்கும் அந்தக் கண்டத்துக்கும் இடையே ஆள், துணி, உரம், வாகனம், பணம் எல்லாம் போய்வந்தன. தில்லியிலும் மும்பையிலும் இருப்பதுபோல ஆப்பிரிக்காவுக்கென்று ஓர் ஆய்வுத் துறை மட்டும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் வேரூன்றவில்லை.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் துறைமுகத் தொழிற்பகுதியை மையமாகக் கொண்டு, ஆப்பிரிக்க ஆய்வுக்கான பல்துறை முனைவர் பட்டத் திட்டம் ஒன்றை உருவாக்க முடியுமா? உருவாக்கினால் அதன் வடிவம் என்னவாக இருக்க வேண்டும்? இக்கட்டுரை ஆராய்வது இதைத்தான். இத்தகைய திட்டம் தேவை என்பது என் நிலைப்பாடு. ஆனால் அது தில்லியில் உள்ளதன் நகலாகவோ, கடல் கடந்த தமிழரின் பெருமை பேசும் இடமாகவோ அமைந்தால் பயனில்லை. இரு கரைகளையும் சேர்த்துப் பார்க்காமல் விடை காண முடியாத கேள்விகள் வடசென்னையில் இருக்கின்றன. திட்டம் அந்தக் கேள்விகளின் மீது எழுப்பப்பட வேண்டும்.

2. இதுவரையிலான புரிதல்

இந்தியாவில் ஆப்பிரிக்காவைப் பற்றிய அறிவு நான்கு தடங்களில் வளர்ந்திருக்கிறது.

முதலாவது, அரசுறவுத் தடம். ஆசிய–ஆப்பிரிக்க நாடுகளின் பாண்டுங் மாநாடு நடந்த 1955-ஆம் ஆண்டிலேயே, நேருவின் முனைப்பில், தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க ஆய்வுத் துறை தொடங்கப்பட்டது. மும்பைப் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க ஆய்வு மையம் 1971-இல் வந்தது. பின்னர் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் தனி மையம் அமைந்தது. காலனிய எதிர்ப்பு ஒருமைப்பாடு என்ற உன்னதமான உணர்வில் பிறந்த நிறுவனங்கள் இவை. தில்லியில் சுவாஹிலி மொழி கற்பிக்கப்படுவது சாதாரணச் சாதனையல்ல. ஆயினும் இத்தடத்தில் கேள்விகளை முன்வைப்பது பெரும்பாலும் வெளியுறவுக் கொள்கையே. ஒரு நாடு இந்தியாவுக்கு எவ்வளவு வேண்டியது என்பதைப் பொறுத்து அந்நாட்டைப் பற்றிய ஆய்வு கூடுகிறது, குறைகிறது.

இரண்டாவது, புலம்பெயர்வுத் தடம். தமிழ்நாட்டில் ஆப்பிரிக்கா பெரும்பாலும் இவ்வழியாகவே நினைக்கப்படுகிறது. 1894-இல் நேட்டாலில் முதலாளியிடம் அடிபட்டு, பல் உடைந்து காந்தியிடம் வந்த பாலசுந்தரம். 1914 பிப்ரவரியில் சிறையிலிருந்து நோயோடு வெளிவந்து இறந்த தில்லையாடி வள்ளியம்மை. 1896 அக்டோபர் 26 அன்று காந்தி பச்சையப்பன் மண்டபத்தில் தென்னாப்பிரிக்க இந்தியரின் நிலை குறித்துப் பேசினார். அந்த மண்டபம் துறைமுகத்தை ஒட்டிய ஜார்ஜ் டவுனில்தான் இருக்கிறது. இவை மறக்கக்கூடாத நினைவுகள். ஆனால் இக்கதைகளில் ஆப்பிரிக்கர் எங்கே? வள்ளியம்மை பிறந்து வளர்ந்தது ஜோகன்னஸ்பர்க்கில். அந்த நகரத்தின் கறுப்பின மக்கள் நம் பாடநூல் சித்திரத்துக்குள் வருவதேயில்லை.

மூன்றாவது, வணிகத் தடம். சந்தை, கனிமம், கடன் உதவி என்ற சொற்களில் ஆப்பிரிக்காவை அணுகும் அறிக்கைகளுக்கு இன்று குறைவில்லை. எண்ணூரில் தொடங்கிய அசோக் லேலண்ட் நிறுவனத்தின் பேருந்துகள் செனகலிலும் ஐவரி கோஸ்டிலும் ஓடுகின்றன. எத்தனை பேருந்துகள் போயின என்பதை இவ்வறிக்கைகள் சொல்லும். அவை ஓடும் நகரங்களைப் பற்றி ஒன்றும் சொல்லா.

நான்காவது தடம் பல்கலைக்கழகத்துக்கு வெளியே, தமிழ்ச் சிறுபத்திரிகைகளிலும் சிறு பதிப்பகங்களிலும் உருவானது. 1982-இல் இந்திரன் தொகுத்து மொழிபெயர்த்த ‘அறைக்குள் வந்த ஆப்பிரிக்க வானம்’, சினுவா அச்செபேயின் முதல் நாவலை என். கே. மகாலிங்கம் ‘சிதைவுகள்’ என்று தமிழாக்கியது, கூகி வா தியாங்கோவின் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ தமிழில் வந்தது ஆகியவற்றை இங்கே குறிப்பிட வேண்டும். ஆப்பிரிக்கா தன் குரலில் தமிழில் பேசியது இங்கேதான். கறுப்பின எழுத்தை வாசித்த அனுபவம் பின்னாளில் தமிழ் தலித் இலக்கியத்துக்கும் உரமூட்டியது. நான்கு தடங்களில் மிகக் குறைந்த பணத்தில் நடந்தது இது. ஆப்பிரிக்கரைச் சிந்திப்பவர்களாக மதித்ததும் இது ஒன்றே. நாம் உருவாக்கும் திட்டம் தன் முன்னோடியாக எதையாவது கொள்ளுமானால் இதையே கொள்ள வேண்டும்.

3. முதல் சான்று: கப்பல் பட்டியல்

நேட்டாலுக்குச் சென்ற ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் உண்டு. அதில் ஒரு வரி ஒரு மனிதர். காலனி எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம் என்று கட்டங்கள் நீள்கின்றன. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள். ஒரே ஊருக்குப் பல எழுத்துக்கூட்டல்கள். ஒருவருடைய வாழ்க்கையில் அரசு குறித்துவைக்க விரும்பியது முழுவதும் அந்த ஒரு வரிக்குள் முடிந்துவிடுகிறது. சுரேந்திர பானா 1860 முதல் 1902 வரையிலான பட்டியல்களிலிருந்து 95,382 பேரின் விவரங்களை ஆராய்ந்து 1991-இல் நூலாக்கினார். டர்பனில் உள்ள காந்தி–லுதூலி ஆவண மையம் இத்தகைய ஆவணங்களைப் பேணிவருகிறது.

இந்தச் சான்றை எப்படிப் பொருள்கொள்வது என்பதில் பெரிய விவாதம் உண்டு. ஹியூ டிங்கர் 1974-இல் ஒப்பந்தக் கூலிமுறையைப் புதிய வடிவிலான அடிமைமுறை என்றார். பின்வந்த சிலர், சென்றவர்கள் தாமே முடிவெடுத்தார்கள், சாதியையும் பஞ்சத்தையும் விட்டு வெளியேற வழி கண்டார்கள் என்று வாதிட்டனர். அஷ்வின் தேசாயும் கூலம் வாஹிதும் தனிமனித வாழ்க்கைகளைப் பின்தொடர்ந்து, ஒடுக்குமுறையும் எதிர்ப்பும் ஒரே வாழ்வில் பின்னிக்கிடந்ததைக் காட்டினர். மூன்று வாதங்களையும் எடைபோட்டால் மூன்றாவதே வலுவாக நிற்கிறது. 1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் கஞ்சித் தொட்டியை நம்பியிருந்த ஒருவர் கப்பலேறியதை ‘விருப்பம்’ என்ற ஒற்றைச் சொல்லால் விளக்க முடியாது. ‘கடத்தல்’ என்ற சொல்லும் முழுவதும் பொருந்தாது.

ஆனால் இம்மூன்று வாதங்களும் போதிய அளவு தொடாத இரண்டு கேள்விகள் உள்ளன. ஒன்று இந்தக் கரையைச் சேர்ந்தது. 1856-இல் ராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுச் சீமையின் வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறக்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில் நேட்டாலுக்கான கப்பல்கள் புறப்படுகின்றன. அக்கப்பல்களில் வட ஆர்க்காட்டுக்காரர் கணிசமாக இருந்தனர். ரயில் பாதை எங்கெங்கு போனதோ அங்கிருந்து கூலியாள் திரட்டல் கூடியதா? பட்டியலில் உள்ள ஊர்ப் பெயர்களையும் ரயில் நிலையங்களின் வரலாற்றையும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் வருவாய்த் துறைப் பதிவுகளையும் சேர்த்து வைத்தால் இதைச் சோதித்துப் பார்க்கலாம். வரலாற்றாசிரியரும் புவியியலாளரும் கணினி அறிந்தவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய வேலை இது.

மற்றொன்று அந்தக் கரையைச் சேர்ந்தது. நேட்டாலில் லட்சக்கணக்கான ஆப்பிரிக்கர் இருக்கும்போது தோட்ட முதலாளிகள் கடல் தாண்டி ஏன் ஆள் தேடினார்கள்? அங்கிருந்த ஜூலு மக்களிடம் இன்னும் நிலமும் மாடும் இருந்தன. சொற்பக் கூலிக்கு ஆண்டு முழுவதும் தோட்டத்தில் கட்டுண்டு கிடக்கும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆக, செங்கல்பட்டுக்காரர் ஒருவர் கப்பலேறியதற்கான காரணத்தில் பாதி ஜூலு வேளாண் குடும்பத்தின் பொருளாதாரத்தில் இருக்கிறது. அதைப் படிக்காமல் எழுதப்படும் தமிழர் புலம்பெயர்வு வரலாறு அரை வரலாறுதான்.

இதன் தொடர்ச்சி கசப்பானது. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே வெடித்த கலவரத்தில், அரசுக் கணக்கின்படியே 142 பேர் இறந்தனர். 2021 ஜூலையில் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் மீண்டும் ரத்தம் சிந்தியது. வெள்ளையர் ஆட்சி இரு சமூகங்களையும் பிரித்துவைத்ததும், நிலம், கடை, வாடகை சார்ந்த மோதல்களும், இந்தியரிடையே இருந்த நிறவெறியும் இவற்றின் பின்னால் உள்ளன. தென்னாப்பிரிக்கத் தமிழரைப் பற்றிப் பெருமையோடு பேசும் நாம் இதைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டவர்கள். 1996-இன் தென்னாப்பிரிக்க அரசியல் சாசனம் மதித்துப் பேண வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஜூலு மொழி பேசுவோரின் வரலாற்றுக்கு அதே மதிப்பைத் தமிழ்நாட்டில் நாம் தந்திருக்கிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

4. இரண்டாம் சான்று: கட்டம் போட்ட துணி

திருவொற்றியூரின் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்கென உருவாக்கிய குடியிருப்பு. அவர் பெயரே மருவி ஊர்ப் பெயராகிவிட்டது. பழைய வண்ணாரப்பேட்டை, கம்பெனிக்காகத் துணி வெளுத்தவர்களின் பேட்டை. வடசென்னை ஆலைகளுக்கு முன்பே துணிக்காக வளர்ந்த பகுதி. இந்தக் கரையின் துணிகள் ஐரோப்பியக் கம்பெனிகள் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயின. அங்கே அவை அடிமை வணிகத்தில் மனிதரை வாங்கும் பண்டமாகவும் பயன்பட்டன. புதுச்சேரியின் நீலச்சாயத் துணி செனகல் ஆற்றுப் பகுதியில் கருவேலம்பிசின் வாங்கப் பணம்போலவே புழங்கியது.

அதே துணிக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. மெட்ராஸ் கைக்குட்டை என்று பெயர்பெற்ற கட்டம் போட்ட கைத்தறித் துணியை நைஜர் கழிமுகத்தின் கலபாரி மக்கள் தங்கள் மரபுச் செல்வமாகவே கொண்டார்கள். கலபாரிப் பெண்கள் இத்துணியை அப்படியே உடுத்துவதோடு நிற்பதில்லை. சவரக் கத்தி கொண்டு குறிப்பிட்ட இழைகளை மட்டும் ஒவ்வொன்றாக அறுத்து உருவி எடுக்கிறார்கள். இழை போன இடத்தில் மெல்லிய வெளி உண்டாகிறது. பழைய கட்டத்துக்குள் புதிய கோலம் பிறக்கிறது. ‘பெலெட்டே பிட்டே’ எனப்படும் இந்தத் துணி ஈமச்சடங்குகளிலும் குடும்பப் பெருமையைக் காட்டும் நிகழ்வுகளிலும் இடம்பெறுகிறது. இங்கே ஒருவர் பாவும் ஊடுமாக நெய்ததை அங்கே ஒருவர் இழை நீக்கி முடிக்கிறார். அந்தத் துணியை ஆக்கியவர் யார் என்று கேட்டால் இரு கரைகளையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்தத் துணியைப் பற்றிய முக்கியமான ஆய்வுகள் எங்கே நடந்தன? கலபாரித் துணிகளை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர்கள் அமெரிக்க ஆய்வாளர் ஜோன் ஐகரும் நைஜீரிய ஆய்வாளர் டோனியே எரெகோசிமாவும். மெட்ராஸ் துணியின் உற்பத்தி, வணிகம் பற்றிய சாண்ட்ரா லீ ஈவன்சனின் முனைவர் பட்ட ஆய்வேடு 1994-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் அளிக்கப்பட்டது. அந்த அறிஞர்களின் உழைப்புக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் சென்னையின் பெயரைச் சுமந்த துணியைப் பற்றிய அறிவு காலடிப்பேட்டைக்கும் கலபாரிக்கும் நடுவில் நேராகப் போய்வரவில்லை; மூன்றாவது கண்டம் ஒன்றைச் சுற்றித்தான் வந்தது. பெனின் நாட்டு மெய்யியலாளர் பவுலின் உந்தோஞ்சி இந்நிலையைக் கூர்மையாக விளக்கியிருக்கிறார். ஆப்பிரிக்காவில் தகவல் திரட்டப்படுகிறது. கோட்பாடு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆக்கப்படுகிறது. பிறகு அது முடிந்த சரக்காகத் திரும்பி வருகிறது. நம் நிலையும் அதுவே.

5. மூன்றாம் சான்று: ஆலைக்கு அருகில் ஒரு பள்ளி

தென் டர்பனில் மெர்பாங்க் என்ற பகுதி இருக்கிறது. நிறவெறி அரசின் குடியிருப்புப் பிரிவினைச் சட்டக் காலத்தில் இந்தியருக்கென ஒதுக்கப்பட்டது. ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் வழிவந்தோர் வாழும் இடம். அருகிலேயே 1954-இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்று வந்தது, 1960-களில் இன்னொன்று. ஆலைக்கு அருகிலுள்ள செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில் 2000-களின் தொடக்கத்தில் நடந்த மருத்துவ ஆய்வு, மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஆஸ்துமா பாதிப்பு இருப்பதைக் கண்டது. டர்பனில் உள்ள பல்கலைக்கழகத்தின் மருத்துவர்களும் மிச்சிகன் பல்கலைக்கழக அறிஞர்களும் அதைச் செய்தனர்; அதைக் கோரிப் போராடியவர்கள் அப்பகுதி மக்கள். இந்தியரும் கலப்பினத்தவரும் கறுப்பினத்தவரும் ஒன்றுசேர்ந்து அமைத்த தென் டர்பன் சமூகச் சுற்றுச்சூழல் கூட்டமைப்பு, பிரிவினைச் சட்டம் கிழித்த கோடுகளைத் தாண்டி நின்றது. 2020 டிசம்பரில் அந்த ஆலைகளில் ஒன்றில் வெடிவிபத்து நடந்தது. அதன்பின் அங்கே சுத்திகரிப்பு மீண்டும் தொடங்கவில்லை.

இங்கே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969 முதல் இயங்குகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் மிகக் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளின் வரிசையில் மணலியையும் சேர்த்தது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் படர்ந்தபோது அதை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தையும் மீனவர் வீடுகளையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

சென்னைக் கரையிலிருந்து கப்பலேறியவர்களின் வழியினர் டர்பனில் சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்தில் குடியேற்றப்பட்டார்கள். அக்கப்பல்கள் புறப்பட்ட கரையில் வாழ்பவர்களுக்கும் அதே அண்டைவீடுதான் வாய்த்தது. இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. துறைமுகத்துக்கு அருகில், விலை மலிந்த நிலத்தில், அரசியல் வலிமையற்ற மக்கள் நடுவில் அபாயகரமான தொழிலை வைப்பது என்பது இரண்டு நகரங்களிலும் ஒரே தர்க்கத்தில் நடந்த முடிவு. தென்னாப்பிரிக்காவில் அதைச் சட்டப் புத்தகத்தில் எழுதிவைத்தார்கள். இங்கே எழுதாமலேயே அது நடந்தது. எழுதப்படாத பிரிவினை எப்படி இயங்குகிறது என்பதை எழுதப்பட்ட பிரிவினையோடு ஒப்பிட்டால்தான் தெளிவாகப் பார்க்க முடியும். அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டிய மிகப் பெரிய பாடம் இதுவென்று நினைக்கிறேன்.

கண்ணி இன்னும் நீள்கிறது. எண்ணூரில் ஆலை நடத்தும் கோரமண்டல் இன்டர்நேஷனல் நிறுவனம், 2022-இல் செனகலின் பாஸ்பேட் சுரங்க நிறுவனம் ஒன்றில் 45 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. பாஸ்பேட் உரத்தின் மூலப்பொருள் பாறையாக மண்ணுக்கடியில் இருக்கிறது. தோண்டும் இடத்தில் புழுதியும் நில இழப்பும், ஆலை இருக்கும் இடத்தில் அமிலமும் அமோனியாவும், வயலில் விளைச்சல். செனகலின் சுரங்கப் பகுதியையும் வடசென்னையின் குப்பத்தையும் காவிரிப் படுகையின் வயலையும் ஒரே ஆய்வேட்டில் கொண்டுவரும் முனைவர் பட்ட மாணவர் ஒருவரையாவது நாம் இன்னும் உருவாக்கவில்லை. மருத்துவம், வேதியியல், மானிடவியல், பொருளியல், பிரெஞ்சு மொழி ஆகிய ஐந்தும் அவருக்குத் தேவைப்படும்.

6. எப்படிப்பட்ட பல்துறை?

பல்துறை என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பகுதி, பல துறைகளின் பேராசிரியர்கள் ஆளுக்கொரு பாடம் எடுத்துவிட்டுக் கலைவதுதான். இது போதாது. நம் திட்டத்துக்கு ஆப்பிரிக்காவிலிருந்தே இரு அனுபவங்கள் உதவும்.

முதலாவது எச்சரிக்கை. உகாண்டாவைச் சேர்ந்த மஹ்மூத் மம்தானி 1996-இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க ஆய்வுப் பேராசிரியரானார். நிறவெறி முடிந்த பின்னும் அங்கே ஆப்பிரிக்கா என்றால் சகாராவுக்குத் தெற்கே, தென்னாப்பிரிக்காவுக்கு வடக்கே உள்ள நிலம் என்ற கருத்தே பாடத்திட்டத்தில் இருந்ததை அவர் எதிர்த்தார். ஆப்பிரிக்க அறிஞர்களின் விவாதங்களைப் படிக்காமல் ஆப்பிரிக்காவைக் கற்பிப்பது எப்படி என்று கேட்டார். மோதல் முற்றி அவர் வெளியேற நேர்ந்தது. ஆப்பிரிக்க மண்ணிலேயே இந்நிலை என்றால், சென்னையில் எவ்வளவு கவனம் வேண்டும்!

இரண்டாவது முன்மாதிரி. 2010-இல் கம்பாலாவின் மேக்கரேரே சமூக ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற மம்தானி, அங்கே பல்துறை முனைவர் பட்டத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். கொடையாளர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அறிக்கை எழுதித் தரும் ஆலோசகப் பண்பாடு ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களை அரித்துவிட்டது என்பது அவர் வாதம். மாற்றாக, மாணவர் முதலில் பாடநெறியில் கடுமையாக வாசித்து, தன் கேள்வியைத் தானே வடிவமைக்கும் பயிற்சியை முன்வைத்தார். கேள்வி கேட்கும் உரிமையை உள்ளூர் ஆய்வாளருக்கு மீட்டுத் தருவதே பட்டத்தின் முதல் வேலை என்ற இந்தக் கருத்து நமக்கும் அப்படியே பொருந்தும்.

7. திட்டத்தின் வடிவம்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 முனைவர் பட்ட விதிமுறைகள் குறைந்தது மூன்று, அதிகம் ஆறு ஆண்டுகள் தருகின்றன. பாடநெறிக்குக் குறைந்தது 12 மதிப்பலகுகள் வேண்டும். பிற துறைகளிலிருந்தும் நிறுவனங்களிலிருந்தும் இணை நெறியாளரை அமர்த்த வழியுண்டு. எனவே சட்டத் தடை பெரிதாக இல்லை. இந்த வரம்புக்குள் நான் முன்வைக்கும் கூறுகள் ஐந்து.

ஒன்று, இடம். பட்டம் வழங்கும் பொறுப்பு சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இருக்கட்டும். வகுப்புகள் வடசென்னையில் நடக்க வேண்டும். வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரியும், பிராட்வே பகுதியில் பாரதி மகளிர் கல்லூரியும், வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியும் இருக்கின்றன. 1938 முதல் இயங்கும் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை பொதுச் சுகாதார ஆய்வுக்கு இயல்பான கூட்டாளி.

இரண்டு, மொழி. ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆப்பிரிக்க மொழியையாவது அல்லது ஆவண மொழி ஒன்றையாவது கற்க வேண்டும்: சுவாஹிலி, ஜூலு, அம்ஹாரிக், அரபு, பிரெஞ்சு, டச்சு. பிரெஞ்சுக்குப் புதுச்சேரி அருகில் இருக்கிறது. பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை கட்டிய டச்சுக்காரர்களின் பதிவுகளைப் படிக்காமல், சோழமண்டலக் கரையிலிருந்து அடிமைகளாகக் கேப் டவுனுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் கதையை எழுத முடியாது.

மூன்று, இரட்டை நெறியாள்கை. ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும் ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றைச் சேர்ந்த நெறியாளர் கட்டாயம். டர்பன், கம்பாலா, டக்கார், மொரீஷியஸ் ஆகியவை தொடக்க மையங்களாகலாம். மொரீஷியஸின் மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தக் கூலிகள் பற்றிய பேராவணங்கள் உள்ளன. டக்காரில் 1973 முதல் ஆப்பிரிக்கச் சமூக அறிவியல் ஆய்வுக் கழகம் இயங்குகிறது.

நான்கு, மாணவர். ஆண்டுக்கு ஆறு பேர் போதும். அவர்களில் இருவர் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வரட்டும். இருவர் வடசென்னைக் கல்லூரிகளில் படித்தவர்களாக இருக்கட்டும். ஆப்பிரிக்க மாணவருக்குத் தமிழகத்தையும் ஆராயும் உரிமை வேண்டும். கம்பாலாக்காரர் ஒருவர் காசிமேட்டைப் பற்றி எழுதும் ஆய்வேடு, நாம் கம்பாலாவைப் பற்றி எழுதுவதற்குச் சமமாக இத்திட்டத்தின் அடையாளமாகும்.

ஐந்து, திருப்பித் தருதல். ஆய்வேட்டின் சுருக்கம் தமிழிலும், ஆய்வு நடந்த ஆப்பிரிக்கப் பகுதியின் மொழியிலும் எழுதப்பட வேண்டும். மீனவர் கிராமப் பஞ்சாயத்திலோ தொழிற்சங்கக் கூட்டத்திலோ அதை வாசித்து, கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகே வாய்மொழித் தேர்வு நடக்க வேண்டும். எண்ணூர் மக்கள் ஆய்வுக்கு இரத்த மாதிரியும் நேரமும் தருபவர்களாக மட்டும் இருக்கக் கூடாது. முடிவைச் சோதிப்பவர்களாகவும் இருக்க வேண்டும்.

8. எழக்கூடிய மறுப்புகள்

பணம் எங்கே என்பது முதல் மறுப்பு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நிதி நெருக்கடி ஊரறிந்தது. நிரப்பப்படாத பேராசிரியர் இடங்களும் பல. இந்த மறுப்பு நியாயமானது. ஆகவேதான் புதிய கட்டடமும் புதிய துறையும் கேட்காமல், இருக்கும் துறைகளின் கூட்டமைப்பாகத் தொடங்கும் வடிவத்தை முன்வைக்கிறேன். செலவின் முக்கியப் பகுதி உதவித்தொகையும் பயணமும் மொழிப் பயிற்சியுமே. இந்தக் கரையின் துறைமுகங்களும் ஆலைகளும் சமூகப் பொறுப்பு நிதி ஒதுக்குகின்றன. ஆனால் மாசு பற்றி ஆராயும் திட்டத்துக்கு அந்தப் பணத்தை நேரடியாக வாங்குவது ஆய்வின் நேர்மையைக் கெடுக்கும். அரசு நிதியும், நிபந்தனையற்ற பொது அறக்கட்டளை நிதியும் மட்டுமே ஏற்கத்தக்கவை.

தில்லியில் இருக்கும்போது இங்கே எதற்கு என்பது இரண்டாவது. தலைநகரிலிருந்து கண்டம் தெரிகிறது. துறைமுகத்திலிருந்து உறவு தெரிகிறது. இரண்டும் வெவ்வேறு அறிவு, ஒன்றுக்கொன்று துணை.

மூன்றாவது மறுப்பே மிகக் கடினமானது. வடசென்னையைத் தொடக்கப் புள்ளியாக்கினால் ஆப்பிரிக்கா மீண்டும் நம்மைப் பற்றிப் பேச ஒரு சாக்காக ஆகிவிடாதா? நம்மோடு இத்தகைய தொடர்பு இல்லாத சாட், காங்கோ, எத்தியோப்பியாவின் வரலாறுகளுக்கு இங்கே இடம் உண்டா? இந்த ஆபத்து உண்மையானது. மேலே சொன்ன மூன்று சான்றுகளும் நம் தொடர்பிலிருந்தே தொடங்கியவை என்பதை நான் மறுக்கவில்லை. இதற்கான காப்பு பாடத்திட்டத்தில்தான் இருக்கிறது. முதலாண்டு முழுவதும் ஆப்பிரிக்காவின் உள்விவாதங்களுக்கே ஒதுக்கப்பட வேண்டும்: இபாதான் வரலாற்றுப் பள்ளி, தார் எஸ் ஸலாமின் அரசியல் பொருளாதார விவாதங்கள், பாலினம் பற்றிய நைஜீரியப் பெண் அறிஞர்களின் சிந்தனை, ஆப்பிரிக்க மொழிகளில் எழுதுவது குறித்த கூகியின் வாதம். இந்தியாவைப் பற்றிய ஒரு வரிகூட இல்லாத நூல்களை ஓராண்டு படித்த பிறகே மாணவர் தன் கேள்வியை எழுத வேண்டும்.

9. முடிவுரை

இச்சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். வடசென்னையின் வரலாற்றையும் இன்றைய சூழலையும் ஆப்பிரிக்காவை விட்டுவிட்டு முழுமையாக எழுத முடியாது. ஆப்பிரிக்காவைப் புலம்பெயர்ந்த தமிழரின் வசிப்பிடமாக மட்டும் பார்த்தால் அந்தத் தமிழரையே புரிந்துகொள்ள முடியாது. கப்பல் பட்டியல், துணி, காற்று ஆகிய மூன்றும் எந்த ஒற்றைத் துறைக்குள்ளும் அடங்காதவை என்பதால், பல்துறைப் பயிற்சி இங்கே ஆடம்பரம் ஆகாது; அது குறைந்தபட்சத் தகுதி.

உடனே செய்யக்கூடியவை சில உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் வரலாறு, மானிடவியல் துறைகளும் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் சேர்ந்து, டர்பன் அறிஞர்களோடு ஓராண்டு வாசிப்புக் கருத்தரங்கைத் தொடங்கலாம். நேட்டால் கப்பல் பட்டியல்களின் ஊர்ப் பெயர்களைத் தமிழில் சரியாக அடையாளம் காணும் பணியை அதன் முதல் வேலையாக்கலாம். மணலி, மெர்பாங்க் பள்ளிக் குழந்தைகளின் மூச்சைப் பற்றிய ஒப்பாய்வு அடுத்ததாக வரட்டும். இந்த இரண்டு வேலைகளையும் பொறுமையாகச் செய்து முடிக்கும் குழுவே முனைவர் பட்டத் திட்டத்தை நடத்தும் தகுதியைப் பெறும். அந்தக் குழுவுக்கு வேண்டிய அறிஞர்களும் ஆவணங்களும் இரு கரைகளிலும் இருக்கிறார்கள், இருக்கின்றன. அவர்களை ஒரே மேசைக்கு அழைக்க வேண்டிய பொறுப்பு, ஆள்களை ஏற்றி அனுப்பிய இந்த நகரத்துக்கே முதலில் உண்டு.